கடைசிப் போட்

இந்த ஆடியில் ஊரில் மூன்று கிழமை நின்றேன். ஊர் நெடுந்தீவு. கனடாவில் யாராவது கேட்டால் "யாழ்ப்பாணம்" என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கள் தீவில் "யாழ்ப்பாணம் போறன்" என்று ஒருவர் சொன்னால், அன்றைய நாள் அதோடு சரி.

யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரைக்கும் பஸ் ஓடும். அதற்கு அங்கால் ஒரு மணித்தியாலம் கடல். எங்கள் தீவின் மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகு நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். 1985 மே 15 அன்று அந்தப் படகைக் கடலில் மறித்து, அதில் வந்த எங்கள் சனத்தை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் மருந்துக்கும் படிப்புக்கும் அதே கடலால்தான் போய்வர வேண்டியிருந்தது.

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிறசரும். வழமையான மருந்து தீவிலேயே கிடைக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி அவ ஒரு குறையும் சொல்லவில்லை. விசேட வைத்தியரைக் காட்டத்தான் நகரத்துக்குப் போக வேண்டும். ஒருநாள் நானும் கூடப் போனேன்.

விடிய 4.30க்கு எழும்பினா. கிளினிக் கொப்பியை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் போட்டில் ஏறினா. முந்தி ஒருக்கால் அலை அடித்து, கொப்பியில் இருந்த மை எல்லாம் கரைந்துபோனதாம். இப்போது தென்மேற்குக் காற்றடிக்கிற சோளகக் காலம் வேறு. குறிகட்டுவானில் நாங்கள் ஏணிப்படியில் கால்வைக்க, பஸ் வெளிக்கிட்டுவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் வெயிலில் இருந்தோம்.

வைத்தியசாலையில் கிடைத்த நம்பர் 73. வைத்தியர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "இரத்தம் குடுத்திட்டுப் போங்கோ அம்மா, ரிப்போட்டுக்கு நாளைக்கு வாங்கோ" என்றார்கள்.

"நாளைக்கோ? நான் நெடுந்தீவு, பிள்ளை" என்றா பெரியம்மா. முன்னால் நின்ற பிள்ளைக்கு அது விளங்கவில்லை. மருந்து எடுத்து முடிய கடைசிப் போட்டைப் பிடிக்க நேரமில்லை. சொந்தக்காரர் வீட்டில் படுத்து, அடுத்தநாள் ஒரு கடதாசிக்காக மறுபடியும் வரிசையில் நின்றோம். இதை யோசிக்க எனக்கு இப்பவும் மனம் கொதிக்கிறது. இரத்தத்தைத் தீவில் எடுத்து முதல் போட்டில் அனுப்பினால் என்ன? ரிப்போட்டைப் போனில் அனுப்பினால் என்ன? பெரியம்மாவின் போனில் வீடியோ அழைப்பு ரொறன்ரோவரைக்கும் தெளிவாக வருகிறது.

மீனுக்கும் இதே கதைதான். காற்று எழும்பி போட் பிந்திய ஒருநாள், துறையில் ஒரு தம்பி தன் றெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் இருந்து தண்ணீர் வடிந்து சீமெந்தில் கோடாக ஓடியது. ஐஸ் கரையக் கரைய யாழ்ப்பாணத்தில் விலை இறங்கும் என்றார். எதிர்ப்பக்கமாக காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, முட்டை மட்டை எல்லாம் கை மாறிக் கை மாறி வந்து இறங்கின. ஏற்று இறக்கு கூலி எல்லாம் சேர்ந்து, தீவுக் கடையில் எந்தச் சாமானும் நகரத்தைவிட விலை.

குறிகட்டுவான் துறையில் இருந்து நயினாதீவுக்கு அடிக்கடி போட் போகிறது. கடல் குறுகல், நாகபூசணி அம்மனுக்கும் விகாரைக்கும் நாடு முழுக்க இருந்து சனம் வருகிறது. அது நல்லது, எங்களுக்கு அதில் பொறாமை இல்லை. எங்கள் பக்கம் சனம் குறைவு என்று போட் குறைவு. போட் குறைவு என்று இன்னும் சனம் வெளிக்கிடுகிறது. என்னோடு படித்தவர்களில் தீவில் மிஞ்சியிருப்பது நாலு பேர். பாலம் கேட்கவில்லை. போட்டும் பஸ்ஸும் ஒன்றை ஒன்று பார்த்து ஓடினாலே பெரியம்மாவுக்கு ஒருநாள் மிஞ்சும்.

நான் திரும்பிய அன்று கடல் கொந்தளித்து, போட் நல்லாகப் பிந்திவிட்டது. பஸ் போயிருக்கும் என்றே நினைத்தேன். துறையில் ஏறிப் பார்த்தால் பஸ் நிற்கிறது. சாரதி கதவடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூரத்தில போட் தெரிஞ்சது. வரட்டும் எண்டு விட்டன்" என்று சொல்லி, என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.