ஏர்லைன் வேலை ரெடின்னு சொல்லி பணம் கேக்கறாங்களா? கட்டறதுக்கு முன்னாடி இதை படிங்க (மேல்மலை பசங்களுக்கும் பெத்தவங்களுக்கும்)

கொடைக்கானல் மேல்மலையில பைலட் ஆகணும்னு நினைக்கிற பசங்க, பொண்ணுங்க, அவங்க அப்பா அம்மா எல்லாரும் தயவு செஞ்சு முழுசா படிங்க, கொஞ்சம் நீளமா தான் இருக்கும். ஏரிக்கு பக்கத்துல ஒரு ஹோட்டல் ஹால்ல "வேலையோட பைலட் ட்ரெய்னிங்"னு கூட்டம் நடத்தப் போறாங்கன்னு மன்னவனூர்ல இருந்து ஒரு மாமா நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பிருந்தாரு, அதுல இருக்கற போன் நம்பர் எங்க வீட்டுக்கு போன் பண்ணுன அதே ஏஜென்சியோட நம்பர். ஏஜென்சி பேரையும் அந்த ஏர்லைன் பேரையும் இங்க போட முடியல, மனு போட்டிருக்கோம், வக்கீல் வேணாம்னு சொல்லிட்டாரு. ஆனா அவங்க செய்யற முறையை சொல்லலாம்ல, அதை தெரிஞ்சுக்கிட்டா பேரு இல்லாமலே நீங்க கண்டுபிடிச்சிருவீங்க.

நான் பூம்பாறை. அப்பா பூண்டு விவசாயம், கூட கொஞ்சம் பேரிக்காய் தோட்டம் இருந்துச்சு. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடிக்கறதுக்கே அரைக்கோடி பக்கம் ஆச்சு, பாதி பேங்க் லோன், மீதி அப்பாவும் சித்தப்பாவும் புரட்டுனது. 200 மணி நேரம் பறந்து, டிஜிசிஏ (விமானத் துறையை கட்டுப்படுத்தற அரசு அமைப்பு) பேப்பர் எல்லாம் 70 மார்க்குக்கு மேல வாங்கி, லைசென்ஸ் கையில வந்தப்போ ஊரே சந்தோஷப்பட்டுச்சு. ஆனா வெளிய யாருக்கும் தெரியாத விஷயம் என்னன்னா லைசென்ஸ் வாங்குனவங்க எல்லாரும் உடனே காக்பிட்ல போய் உக்கார மாட்டாங்க, பெரிய ஏர்லைன்ல ஆள் எடுக்கற அறிவிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், இன்னொரு பக்கம் மெடிக்கலை ரினியூ பண்ணனும், கை மறந்துறாம இருக்க காசு குடுத்து பறக்கணும், லோன் வட்டியும் ஓடும். சரியா அந்த நேரத்துல தான் இந்த ஏஜென்சி ஆளுங்க வருவாங்க.

வீட்டுக்கே வந்து அப்பாகிட்ட பேசுனாரு அந்த ஆளு. "ஐயா, பெரிய ஏர்லைன்ல போனா பத்து வருஷம் கோ-பைலட்டாவே இருக்கணும், இங்க மூணே வருஷத்துல பாப்பா கேப்டன். ஒரே ஒரு சீட் தான் இருக்கு, நாளைக்குள்ள சொல்லிருங்க." சின்ன ஊருக்கெல்லாம் ஏடிஆர் (ப்ரொபெல்லர் வச்ச சின்ன விமானம்) ஓட்டற ஒரு ரீஜினல் ஏர்லைனோட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் காட்டுனாரு. அது அப்பாயின்மென்ட் ஆர்டர் கிடையாது, "டைப் ரேட்டிங் முடிச்சா பரிசீலிப்போம்"ங்கற மாதிரி ஒரு கண்டிஷனல் லெட்டர், அதையே வேலை கிடைச்ச மாதிரி எங்களுக்கு விளக்குனாங்க. டைப் ரேட்டிங்னா ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்ட தனியா எடுக்கற தகுதி, அதுக்கு செலவு 20 லட்சத்துக்கு மேல, எங்க காசு. பாதி சிமுலேட்டர் சென்டருக்கு, பாதி ஏஜென்சி அக்கவுண்ட்டுக்கு, ரசீதுல "கன்சல்டிங் ஃபீஸ்"னு மட்டும் போட்டு குடுத்தாங்க. அதுக்கு மேல அந்த ஏர்லைன்ல போய் அஞ்சு வருஷம் விட்டுப் போகக் கூடாதுன்னு பாண்டு, தேதி போடாத செக், பத்தாவது பன்னெண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட். அப்பா பேரித் தோட்டத்தை வித்தாரு.

மூணு வருஷத்துல கேப்டன்ங்கறதை கணக்கு போட்டு பாருங்க. கேப்டன் ஆக ஏடிபிஎல்ங்கற மேல் லைசென்ஸ் வேணும், அதுக்கு மொத்தம் 1500 மணி நேரம் பறந்திருக்கணும். சின்ன ஏர்லைன்ல விமானம் கம்மி, மாசம் 30 மணி நேரம் தான் கிடைக்குதுன்னு வச்சுக்குங்க, வருஷத்துக்கு 360, கையில இருக்கற 200 போக மீதி 1300க்கு மூணரை வருஷத்துக்கு மேல ஆகும், அதுவும் முதல் நாள்ல இருந்து தடங்கலே இல்லாம பறந்தா தான். எங்களுக்கு முதல் நாளே வரல.

அடுத்து சிம்மு, அதாவது சிமுலேட்டர் ட்ரெய்னிங். இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா பணம் போனதை விட எனக்கு பெருசா தெரியறது இது தான். ஸ்லாட் எல்லாம் ராத்திரி ரெண்டு மணி, அது பரவால்ல, எல்லா இடத்துலயும் அப்படித் தான், சிம்மு வாடகை அவ்வளவு. ஆனா ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் பிரீஃபிங், முடிஞ்சதும் டீபிரீஃபிங்னு இருக்கணும், என்ன தப்பு பண்ணுனோம், ஏன் பண்ணுனோம், அடுத்த தடவை எப்படின்னு உக்காந்து பேசறது தான் ட்ரெய்னிங்கே. எங்களுக்கு வந்த இன்ஸ்ட்ரக்டர் டீபிரீஃபிங்கை விட்டுட்டு வீட்டுக்கு கிளம்பிருவாரு. சிம்முக்குள்ள முழுக்க கத்தல். "ஏம்மா, உன்னையெல்லாம் யாரு ஏத்துனது"ன்னு கூட படிக்கறவங்க முன்னாடியே கேப்பாரு. ஒரு நாள் டேக்-ஆஃப்ல இன்ஜின் ஃபெயிலியர் எக்சர்சைஸ், எந்த இன்ஜின் போச்சுன்னு வாய்விட்டு சொல்லி, பக்கத்துல இருக்கறவர் கன்ஃபர்ம் பண்ணுன பிறகு தான் அந்த இன்ஜினோட லீவரை இழுக்கணும், புக்குல அப்படித் தான் இருக்கு, நான் கன்ஃபர்ம் கேட்டதுக்கு கையை தட்டி விட்டு "டைம் வேஸ்ட் பண்ணாத, இழு"ன்னாரு.

இது சின்ன விஷயம் கிடையாதுங்க. 2015 பிப்ரவரியில தைவான்ல, தைப்பேயில இருந்து கிளம்புன ட்ரான்ஸ்ஏசியா 235, இதே ஏடிஆர் 72-600 தான், கிளம்புன கொஞ்ச நேரத்துல ரெண்டாம் நம்பர் இன்ஜின் பக்கம் பவர் போச்சு, கேப்டன் நல்லா ஓடிக்கிட்டு இருந்த ஒண்ணாம் நம்பரை அணைச்சிட்டாரு. 43 பேர் செத்தாங்க. அந்த கேப்டன், கேப்டன் ஆகற ப்ரமோஷன் டெஸ்ட்ல முன்னாடி ஒரு தடவை ஃபெயில் ஆனவரு, இன்ஜின் ஃபெயிலியர் விஷயத்துல தடுமாற்றம் இருந்ததுன்னு அவரோட ட்ரெய்னிங் ரெக்கார்டுலயே எழுதிருந்துச்சுன்னு விசாரணை அறிக்கை சொல்லுது. எழுதுனவங்க இருந்தாங்க, அதை வச்சு சரி பண்ணுனவங்க இல்ல. 2009ல அமெரிக்காவுல பஃபலோ பக்கத்துல விழுந்த கோல்கன் 3407ம் ரீஜினல் ஃப்ளைட் தான், அதுலயும் கேப்டன் பல டெஸ்ட்ல ஃபெயில் ஆனவரு, ஸ்டால் (இறக்கையோட தூக்கற சக்தி போறது) வார்னிங் வந்தப்போ மூக்கை கீழ விடாம மேல இழுத்துட்டாரு, 50 பேர் போனாங்க. அதுக்கு அப்புறம் தான் அங்க ஏர்லைன்ல கோ-பைலட்டா உக்காரவே 1500 மணி நேரம்னு 2013ல கொண்டு வந்தாங்க, சில விலக்கு மட்டும் உண்டு. நம்ம ஊர்ல 200 மணி நேரத்துலயே எழுபது பயணிங்களை வச்சுக்கிட்டு வலது சீட்ல உக்காரலாம். நான் இதை குறையா சொல்லல, ஆனா அப்படின்னா மீதி அத்தனையையும் கத்துக்குடுக்க வேண்டியது ஏர்லைனோட ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட் தான். அது கத்தி கத்தி ஆளை ஒடுக்கற இடமா இருந்தா, அங்க தயாராகற பைலட் நாளைக்கு கேப்டன் தப்பு பண்ணும்போது வாய் திறப்பாங்களா, சொல்லுங்க.

அந்த இன்ஜின் ஃபெயிலியர் எக்சர்சைஸ்ல என்னை "சேட்டிஸ்ஃபேக்டரி இல்ல"ன்னு எழுதுனாரு, காரணம் ஒரு வரி கூட கிடையாது. எக்ஸ்ட்ரா செஷன் எடுக்கணும், அதுவும் எங்க காசு. என் கூட சிம்மு பண்ணுன பையனுக்கும் அதே கதை, வேற பேட்ச்ல இருந்தவங்களுக்கும் அதே. செஷன் கூடக் கூட யாருக்கு வருமானம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல.

சரி, எப்படியோ ரேட்டிங் லைசென்ஸ்ல ஏறிருச்சு. அதுக்கு அப்புறம் தான் பெரிய காத்திருப்பு. சிம்மு முடிச்ச 200 மணி நேர பைலட் நேரா பயணிகளோட பறக்க முடியாது, முதல்ல காலி விமானத்துல சர்க்யூட் அடிச்சு (ஏர்போர்ட்டை சுத்தி சுத்தி வந்து) நிஜமான லேண்டிங் பண்ணனும், அப்புறம் ட்ரெய்னிங் கேப்டன் கூட உக்காந்து லைன் ட்ரெய்னிங், அது முடிஞ்சா தான் ரிலீஸ், அதாவது வழக்கமான கோ-பைலட் வேலைக்கு ஒப்புதல், ரிலீஸ் ஆனா தான் சம்பளம். காலி விமானத்தை சும்மா ஏத்தி இறக்க எரிபொருள் செலவு, அந்த நேரத்துக்கு ஒரு சர்வீஸை நிறுத்தணும். அந்த கம்பெனில இருந்த கொஞ்ச விமானத்துலயும் சிலது ஸ்பேர் இல்லாம ஹேங்கர்ல நின்னுச்சு. ஆனா எங்களை மாதிரி ரேட்டிங் முடிச்சிட்டு வரிசையில நின்ன பசங்க எண்ணிக்கை மட்டும் ஏறிக்கிட்டே போச்சு, ஏன்னா ஆளை எடுக்க கம்பெனிக்கு செலவே இல்ல, எல்லாம் எங்க காசு தானே.

காத்திருந்தா என்னன்னு கேப்பீங்க. டைப் ரேட்டிங்குங்கறது மூட்டை கட்டி பரண்ல போட்டு வைக்கிற பூண்டு கிடையாது. ப்ராஃபிஷியன்சி செக்ங்கற திறமை டெஸ்ட் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, 90 நாளைக்குள்ள மூணு டேக்-ஆஃப் லேண்டிங் இல்லைன்னா பயணிகளோட பறக்க முடியாது, லேப்ஸ் ஆனா (காலாவதி ஆனா) மறுபடியும் சிம்மு. அந்த செலவையும் ஹெச்ஆர் எங்க தலையில தான் கட்டுனாங்க. "மேடம், எப்ப மேடம் ரோஸ்டர்ல பேர் வரும்"னு கேட்டா "ஆபரேஷன்ஸ்ல கேளுங்க", அங்க கேட்டா "ட்ரெய்னிங்ல கேளுங்க". பேஸ் இருக்கற ஊர்ல ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் அப்பா அனுப்புன காசு. கடைசில ரேட்டிங் லேப்ஸ் ஆகறதுக்கு முன்னாடி வேற இடம் பாக்கலாம்னு வெளிய வர்றேன்னு சொன்னேன், உடனே பாண்டை எடுத்து நீட்டுனாங்க. ஒரு நாள் கூட சம்பளம் குடுக்காத கம்பெனி, என் காசுல எடுத்த ட்ரெய்னிங்குக்கு என்கிட்டயே ட்ரெய்னிங் செலவு கேக்குது. அதுக்கு மேல நோட்டீஸ் பீரியட், கோ-பைலட்டுக்கு ஆறு மாசம், கேப்டனுக்கு ஒரு வருஷம்னு 2017ல இருந்து டிஜிசிஏ விதியே இருக்கு, என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) இல்லாம இன்னொரு ஏர்லைன் எடுக்க மாட்டாங்க, அதை வச்சு மிரட்டுனாங்க.

இன்னொண்ணு, பெத்தவங்க இதை கட்டாயம் கவனிக்கணும். சின்ன ஊர் ரூட் நிறைய உடான்ங்கற மத்திய அரசு திட்டத்துல ஓடுது, அதுல அரசாங்கம் குடுக்கற நஷ்ட ஈட்டு மானியம் ஒரு ரூட்டுக்கு மூணு வருஷம் தான். மானியம் முடிஞ்சதும் ரூட்டையே நிறுத்துன கதை நிறைய இருக்கு. ரூட்டுக்கு ஆயுசு மூணு வருஷம், பாண்டு அஞ்சு வருஷம், இது எப்படி பொருந்தும்? நம்ம பக்கத்துலயே பாருங்க, பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010ல நின்னுச்சு, கோயமுத்தூர்ல இருந்து கிளம்புன ஏர் கார்னிவல் 2016ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே நின்னுச்சு, சேலத்துக்கு சென்னையில இருந்து பறந்த ட்ரூஜெட்டும் இப்ப இல்ல. இந்த கம்பெனிங்களுக்கும் எனக்கு நடந்ததுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, சின்ன ஏர்லைனோட ஆயுசு எவ்வளவுன்னு காட்டத் தான் சொல்றேன்.

அதுக்காக ரீஜினல் வேலையே மோசம்னு நான் சொல்லவே மாட்டேன். ஏடிஆர்ல ஒரு நாளைக்கு நாலு லேண்டிங், சின்ன ரன்வே, மழை, குறுக்கு காத்து, ஐஎல்எஸ் (தரையிறங்க வழிகாட்டற கருவி) இல்லாத ஏர்போர்ட்டுனு கை நல்லா பழகும், அதுல வந்த கேப்டனுங்க பலர் அருமையா பறக்கறதை கூட உக்காந்து பாத்திருக்கேன். நல்ல ட்ரெய்னிங் குடுக்கற சின்ன ஏர்லைனும் இருக்கு. அதை எப்படி தெரிஞ்சுக்கறதுன்னா, முதல்ல அங்க இப்ப வேலை பாக்கற கோ-பைலட் ஒருத்தரை எப்படியாவது பிடிச்சு பேசுங்க, ரேட்டிங் முடிச்சு எத்தனை மாசத்துல ரிலீஸ் ஆனீங்க, போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க, சிம்முல தப்பு பண்ணுனா என்ன நடக்கும், எத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க, ட்ரெய்னிங் கேப்டனுங்க எத்தனை பேர்னு கேளுங்க. ஹெச்ஆர் சொல்றதை விட அந்த அஞ்சு நிமிஷ போன் போதும். டிஜிசிஏ மாசா மாசம் டொமெஸ்டிக் ட்ராஃபிக் ரிப்போர்ட் போடறாங்க, வெப்சைட்ல சும்மாவே கிடைக்கும், அதுல ஒவ்வொரு ஏர்லைனும் எத்தனை சதவீதம் ஃப்ளைட் கேன்சல் பண்ணுனாங்கன்னு இருக்கும், மாசா மாசம் கேன்சல் ஏறிக்கிட்டே போற இடத்துல உங்க பிள்ளைக்கு லைன் ட்ரெய்னிங் குடுக்க விமானம் எங்க இருந்து வரும்? பணம் ஏஜென்சி அக்கவுண்ட்டுக்கோ தனி ஆள் அக்கவுண்ட்டுக்கோ கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. காலி செக், ஒரிஜினல் சர்டிஃபிகேட் குடுக்கவே குடுக்காதீங்க. பாண்டுல "ட்ரெய்னிங் செலவு"ன்னு எழுதிருந்தா அதை யார் கட்டுனாங்கன்னு அதே பேப்பர்ல எழுதி வாங்குங்க, ரிலீஸ் இத்தனை மாசத்துக்குள்ள இல்லைன்னா பாண்டு செல்லாதுன்னு ஒரு வரி சேக்க சொல்லுங்க, சேக்க மாட்டேன்னா அதுலயே உங்களுக்கு பதில் இருக்கு. பன்னெண்டாவது படிக்கற பசங்க இதெல்லாத்துக்கும் முன்னாடி கிளாஸ் 1 மெடிக்கலை (பைலட்டுக்கான உடம்பு டெஸ்ட்) முடிச்சிருங்க, அதுக்கு அப்புறம் காசை பத்தி யோசிக்கலாம்.

நான் இப்ப ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல அசிஸ்டென்ட் இன்ஸ்ட்ரக்டரா இருக்கேன், சம்பளம் கம்மி தான், ஆனா ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் அப்புறம் பசங்களோட உக்காந்து பேசாம நான் எந்திரிக்கறது இல்ல. ஏஜென்சி மேல திண்டுக்கல் நுகர்வோர் கோர்ட்ல மனு நடக்குது, செக் இன்னும் அந்த கம்பெனி கிட்ட இருக்கு, மார்க் ஷீட் வக்கீல் நோட்டீஸ் போன பிறகு திருப்பி குடுத்தாங்க. இதே மாதிரி கன்சல்டிங் ஃபீஸ் ரசீது யார்கிட்டயாவது இருந்தா தூக்கி போட்றாதீங்க, பேங்க் ஸ்டேட்மென்ட், அந்த கண்டிஷனல் லெட்டர், வாட்ஸ்அப் சாட் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எங்க வக்கீல் மத்தவங்களோட பேப்பரையும் சேத்து கேக்கறாரு. பாண்டு பேப்பர் புரியலன்னா அனுப்புங்க, நானே படிச்சு சொல்றேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா போன்லயும் பேசலாம்.