குடத்தோடு நடந்து பார்த்த வீட்டுப் பிளான்

ஆன்லைனில் வீட்டுப் பிளான் போட்டுத் தருகிற ஒரு சேவையில் 3,500 ரூபாய் கட்டி வாங்கிய பிளானைப் பற்றித்தான் இது. பெயர் போடவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, கேட்டதைக் கொடுத்தார்கள், எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று என் தங்கை வீட்டுக்காரர் சொல்கிறார். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மனை ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். 5 சென்ட், அதாவது 33 அடி அகலம், 66 அடி நீளம், வடக்குப் பார்த்தது. வாட்ஸப்பில் ஒரு படிவம் அனுப்பினார்கள்: மனை அளவு, திசை, எத்தனை பெட்ரூம், வாஸ்து வேண்டுமா வேண்டாமா, பட்ஜெட் என்ன. அவ்வளவுதான். எந்த ஊர் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. கடல் எவ்வளவு தூரம் என்றாவது கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் நீர் அதிகபட்சம் ஏறி வருகிற எல்லை) 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும், பிளான் எவ்வளவு அழகாக இருந்தாலும் கட்ட முடியுமா என்பதே அப்புறம் வேறு கேள்வி. எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, தப்பித்தோம்.

மூன்றாம் நாள் பிளான் வந்துவிட்டது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடுகள் சுத்தம், எழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறது, கதவு ஜன்னல் அளவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. மாடிப்படி உயரம் 6 அங்குலம், மிதி 10 அங்குலம், மொத்தம் 20 படி. முழங்கால் வலிக்காரர்கள் ஏறக்கூடிய படி இது, நம் ஊரில் பாதி வீடுகளில் எட்டு அங்குலம் வைத்து உயிரை எடுக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் வந்திருக்கிறது. வாஸ்துக்காக வைத்தார்கள், ஆனால் ரோடு வடக்கே இருப்பதால் தண்ணீர் லாரிக்காரர் கேட்டுக்கு வெளியே நின்றே குழாயை நீட்டிவிடலாம். போன் செய்தால் எடுக்கிறார்கள், ‘சார்’ போட்டுப் பேசுகிறார்கள். கூடவே 3டி படம் ஒன்று: பளபளவென்று பெட்டி மாதிரி ஒரு வீடு, முன்னால் பச்சைப் புல்தரை, சிவப்புக் கார். எங்களிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸெல். புல் முளைக்கிற மண்ணாக இருந்தால் நாங்கள் ஏன் வருஷா வருஷம் கருவேலம் வெட்டிக்கொண்டிருக்கிறோம்?

படத்தைப் பார்த்து எல்லாரும் சொக்கிப் போனோம், அம்மாவைத் தவிர. அம்மா பிளான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இது கோலம் மாதிரி இருக்குப்பா, மனையில போட்டுக் காட்டு’ என்றது. சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு நைலான் கயிறு, நாலு முளைக்குச்சி, ஒரு பை சுண்ணாம்புப் பொடியோடு போனேன். 25க்கு 45 வீடு, பக்கவாட்டில் நாலு நாலு அடி, முன்னால் 10, பின்னால் 11. சுவருக்குச் சுவர் கோடு போட்டு, கதவு வருகிற இடத்தில் கோட்டை அழித்துவிட்டோம். ஒரு மணி நேர வேலை. பிளான் வாங்குகிற யாராக இருந்தாலும் இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தாளில் 10 அடி என்று படிப்பதும் மணலில் 10 அடிக்குள் நிற்பதும் ஒன்றே இல்லை.

அம்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு வந்தது. காலியாக இல்லை, நிறைகுடம். கேட் இருக்க வேண்டிய இடத்தில் நின்று இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘அடுப்படி எங்க?’ என்று கேட்டது. அடுப்படி அக்னி மூலையில், தென்கிழக்கில், வீட்டின் கடைசியில். வாசல் தாண்டி, ஹால் தாண்டி, சாப்பிடுகிற இடம் தாண்டி நடந்தது. தண்ணீர் தளும்பி மணலில் வழி நெடுக ஈரக்கோடு விழுந்தது. ஹால் நடுவில் நின்று, ‘இங்க டிவி பாக்குறவன் எல்லாம் நான் வரும்போது கால மடக்கணும்’ என்றது. கயிற்றால் அளந்தேன், கேட்டிலிருந்து சமையல் மேடை வரை 52 அடி. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. காவிரி கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிற அன்று பிடித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டித் தண்ணீர், இரண்டுமே குடம்தான். ஒரு நாளைக்கு எட்டுக் குடம் என்றால் அம்மா அந்த ஹாலைக் குறுக்கே எத்தனை தடவை கடக்க வேண்டும், டைல்ஸ் தரையில் அந்த ஈரத்தில் யார் வழுக்குவது?

ஏனென்றால் அடுப்படிக்கு வெளிவாசலே இல்லை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வீட்டுக்குள் திறப்பு. கடலோரத்தில் மீன் வாங்காத நாள் கம்மி, மீனை அறுத்துக் கழுவ ஒரு கல், ஒரு குழாய், தண்ணீர் ஓடுகிற இடம் பின்னால் வேண்டாமா? சிங்க்கில் சூடை மீன் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அடுத்த இரண்டு நாள் வீடு எப்படி மணக்கும் என்று. பின்னால் 11 அடி சும்மா கிடக்கிறது, அதற்குப் போக ஹால் வழியாக வெளியே வந்து வீட்டைச் சுற்ற வேண்டும். இதை வரைந்த தம்பிக்கு மீன் பிடிக்காது போல.

அங்கிருந்து திரும்பும்போது அம்மா இன்னொரு இடத்தில் நின்றது. சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே பொது பாத்ரூம் கதவு. ‘சோறு போடுற எடத்துக்கு நேரா இதா?’ அவ்வளவுதான் சொன்னது, அதற்கு மேல் நான் என்ன விளக்குவது.

அப்புறம் கதவுகளை எண்ணினேன். ஹாலைச் சுற்றி வாசல் கதவு, சின்ன பெட்ரூம், பெரிய பெட்ரூம், பாத்ரூம், அடுப்படித் திறப்பு என்று ஐந்து, கிழக்குச் சுவரை ஒட்டி மாடிப்படி வேறு. முழுசாக ஒரு சுவர் கிடைக்கவில்லை. சோபாவை எங்கே போட்டாலும் ஒரு கதவுக்கு முதுகு காட்ட வேண்டும். ஹாலா பஸ் ஸ்டாண்டா என்று தெரியவில்லை. மாடிப்படி ஹாலுக்குள் இருந்தால் நாளைக்கு மாடி கட்டி வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர்கள் நம் தலைமாட்டு வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும், அதையும் அவர்கள் யோசிக்கவில்லை, படிவத்தில் அந்தக் கேள்வியும் இல்லை.

இனி பெரிய பெட்ரூம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு ஆத்திரம் வந்த இடம் இதுதான். அறை கன்னி மூலையில், தென்மேற்கில் இருக்கிறது. அது சரி, வாஸ்துக்காரரும் சந்தோஷம், நாங்களும் சந்தோஷம், ஏனென்றால் வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், எங்கள் பக்கம் கச்சான் என்பார்கள், சில நாள் மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆனால் அது இல்லாமல் அந்த மாதங்களில் ராத்திரி தூங்க முடியாது. பிளானில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், அறையின் தெற்குச் சுவர் முழுக்க அட்டாச்டு பாத்ரூமை நீட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். தெற்கே ஜன்னல் கிடையாது, பாத்ரூமுக்கு ஒரு வென்டிலேட்டர் மட்டும். ஆக காற்று முதலில் பாத்ரூமுக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற மணத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு, கதவிடுக்கு வழியாகக் கட்டிலுக்கு வரும். மேற்கே 4க்கு 4 ஜன்னல் ஒன்று, அதில் பாதியை அலமாரி மறைக்கிறது. அறை 12க்கு 14, 168 சதுர அடி, ஜன்னல் 16. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களுக்குத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது, அதன்படி 28 வர வேண்டும். இங்கே பத்தில் ஒன்றுகூட இல்லை. இதற்கு ஏசி போடலாம் என்று பதில் வந்தது. கரண்ட் பில்லை அவர்களா கட்டப் போகிறார்கள்?

முகப்பு இதற்கு நேர் எதிர்த் தப்பு. வடக்கே பார்த்த வீடு, 3டி படத்தில் அழகுக்காகச் சன்ஷேடே இல்லை, பெரிய கண்ணாடி ஜன்னல். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதுவும் வாடைக் காற்றோடு சாய்வாக வடகிழக்கிலிருந்து அடிக்கும். வாசல் நிலைப்படி நனைந்து தேக்கே ஊறிப்போகும். மழை போனால் வெயிலாவது வராது என்று பார்த்தால், நாம் இருப்பது 9 பாகை அட்சரேகையில், சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முதல் பாதி வரை மத்தியானச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் வடக்கு முகப்பிலும் வெயில் உண்டு. அப்பத்தாவின் ஓட்டு வீட்டில் தாழ்வாரம் திண்ணையைத் தாண்டி மூன்றடி இறங்கியிருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். சின்ன வயசில் எரிச்சலாக இருக்கும், இப்போதுதான் புரிகிறது. குறைந்தது இரண்டடி சன்ஷேடு, வாசலுக்கு மேல் மூன்றடி என்று எழுதிக் கொடுத்தேன். ‘எலிவேஷன் கெட்டுடும் சார்’ என்றார்கள்.

சின்ன பெட்ரூம் 10க்கு 10 என்று எழுதியிருந்தது. மேஸ்திரி அண்ணன் பார்த்ததும் சிரித்தார்: ‘தம்பி, இது சுவர் நடுவுலேர்ந்து நடுவுக்கு. உள்ள ஒம்பதே கால் அடிதான், பூச்சு போனா இன்னும் ஒரு அங்குலம் போகும்.’ 9 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் பாதிப் பாதி தின்றுவிடுகிறது. அதற்குள் ஆறரைக்கு ஐந்து கட்டில், அம்மாவின் சீர் பீரோ, உள்ளே திறக்கிற மூன்றடிக் கதவு. மணலில் கட்டில் அளவுக்குக் கோடு போட்டுப் பார்த்தோம், கதவு பாதி திறந்ததும் கட்டிலில் முட்டுகிறது. பிளான் வாங்கும்போது எழுதியிருப்பது உள்ளளவா நடு அளவா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் பொதுக் குறிப்புகள் என்று ஒன்று, எல்லாருக்கும் ஒரே குறிப்பை ஒட்டுவார்கள் போலிருக்கிறது. எம்20 தரக் கான்கிரீட் (எண் கூடினால் பலம் கூடும்), கம்பிக்கு மேல் 20 மி.மீ கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலில் வெளிப்படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30, கவர் 45 மி.மீ என்கிறது. எங்கள் தெருவில் மாமா வீட்டு சன்ஷேடைப் பார்த்தால் போதும், அடியில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி வெளியே தெரியும், கீழே யாரும் நிற்பதில்லை. குழாயிலும் ஒரே லைன்தான் காட்டியிருக்கிறார்கள், உப்புத் தண்ணீருக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று, மேலே இரண்டு டேங்க் என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதுக்கு 500 ரூபாய். முதல் திருத்தத்தில் அடுப்படிக்குப் பின்கதவு வந்தது, கூடவே கிழக்குச் சந்தில் கேட்டிலிருந்து பின்னால் வரை நடைபாதை, குடம் இனி ஹாலுக்குள் வராது. அடுப்புக்கு நேர் எதிரே ஜன்னல் வைத்திருந்ததை இரண்டடி தள்ளச் சொன்னேன், காற்றில் கேஸ் தீ படுத்துவிடும், அதையும் செய்தார்கள். இரண்டாவதில் அட்டாச்டு பாத்ரூமைத் தெற்கிலிருந்து எடுத்து இரண்டு பெட்ரூமுக்கும் நடுவில், பொது பாத்ரூமோடு முதுகுக்கு முதுகு வைத்தார்கள், பொது பாத்ரூமுக்கும் கதவு திரும்பிவிட்டது, ஒரே பக்கம் குழாய் போவதால் செலவும் குறையும். தெற்கே இரண்டு ஜன்னல் கிடைத்தது. இதெல்லாம் சொன்னதும் மறுநாளே செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். தெரியாமல் இல்லை, கேட்காமல் வரைகிறார்கள்.

ஐந்துக்கு இரண்டரை. பணத்துக்கு மோசமில்லை, கையில் ஒரு தாள் இருந்தால்தான் மேஸ்திரியோடு சண்டை போடவாவது முடிகிறது. ஆனால் கம்பிக் கணக்கை இவர்கள் குறிப்பை நம்பிக் கொடுக்காதீர்கள், அதற்கு ராமநாதபுரத்தில் ஓர் இன்ஜினியரைத் தனியாகப் பார்த்திருக்கிறோம்.

மாடிப்படிதான் இன்னும் தீரவில்லை. வெளியே எடுக்கலாம் என்றால் வடகிழக்கில் பாரம் ஏற்றக் கூடாது என்கிறது அம்மா, வடமேற்கில் வைத்தால் சின்ன பெட்ரூம் ஜன்னல் மறைகிறது, கிழக்குச் சந்தில் வைத்தால் மறுபடியும் குடத்துக்கு வழி இல்லை. 500 ரூபாய் கட்டியாயிற்று, மூன்றாவது திருத்தத்துக்குக் காத்திருக்கிறோம். சுண்ணாம்புப் பொடி இன்னும் அரைப் பை மிச்சம் இருக்கிறது.