5எஃப்1 டியூப் ஆம்ப் கிட்: சுங்கை சிப்புட்டுல கட்டிப் பார்த்தவனோட ரிவியூ

கிட்டாருக்கு டியூப் ஆம்ப் (வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர்) ரெடிமேடா வாங்கலாம்னு பார்த்தா விலை கேட்டதுமே தலை சுத்துது, அதான் கிட் வாங்கி நானே கட்டிட்டேன். அமெரிக்க கிட்டார் கம்பெனி ஃபெண்டர் 1950-கள்ல போட்ட சாம்ப்ங்கற சின்ன ஆம்ப்போட 5எஃப்1 சர்க்யூட்தான் இது. சிக்னலப் பெருசாக்க 12ஏஎக்ஸ்7 ஒண்ணு, ஸ்பீக்கர ஓட்ட 6வி6 ஒண்ணு, ஏசிய டிசியா மாத்தற ரெக்டிஃபயருக்கு 5ஒய்3 ஒண்ணு, அவ்வளவுதான் டியூபே. ஒரே ஒரு வால்யூம் நாப், டோன் கிடையாது, சுமார் 5 வாட்ஸ்.

முதல்ல குறைய சொல்லிடறேன். வயரிங் படம் அமெரிக்காக்காரன் 120 வோல்ட்டுக்கு மட்டும் போட்டிருக்கான், நம்ம மலேசியாவுல கரண்டு 240. டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு பிரைமரி (கரண்டு உள்ள வர்ற சுருள்) இருக்கு, சீரிஸ்ல, அதாவது ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா சேர்த்தா வேலை முடிஞ்சது, ஆனா எந்தக் கலர் வயரு எதோட சேரணும்னு ஒரு இடத்துலயும் எழுதல, ஈமெயில் போட்டா ஒத்த வரியில மழுப்பல் பதில். கடைத்தெருவுல வால்வு ரேடியோ காலத்துலேர்ந்து ரிப்பேர் கடை வச்சிருக்கிற சீன அங்கிள்தான் மீட்டர் வச்சுப் பார்த்து சொன்னாரு, காசும் வாங்கல. மொதல் தடவை ஆன் பண்ணும்போது பழைய குண்டு பல்பு ஒண்ண சீரிஸ்ல மாட்ட சொன்னதும் அவருதான். பல்பு பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட்டு, ஒரு தடவை மின்னிட்டு மங்கிடுச்சுன்னா தைரியமா அடுத்த வேலையப் பார்க்கலாம்.

சின்ன ஆம்ப்புதானேன்னு அசால்ட்டா கைய விடாதீங்க, உள்ள 300 வோல்ட்டுக்கு மேல ஓடுது, பிளக்கப் புடுங்கின பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ரெசிஸ்டர் வச்சு இறக்கிட்டு மீட்டர்ல பார்த்துட்டு அப்புறம் தொடுங்க. எர்த் வயரு சேசிஸ்ல (ஆம்ப்போட உலோகச் சட்டம்) போல்ட்டு போட்டு இறுக்கணும், பழைய தோட்டத்து லயத்து வீடுன்னா பிளக் பாயிண்ட்ல எர்த் உண்மையிலயே இருக்கான்னு வயர்மேன விட்டு செக் பண்ணிடுங்க.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது ஸ்பீக்கர் பக்கத்துலேர்ந்து 12ஏஎக்ஸ்7-க்குத் திரும்பி வர்ற 22கே ரெசிஸ்டர். அதுதான் ஃபீட்பேக், வெளிய போற சிக்னல்ல கொஞ்சத்தத் திருப்பி உள்ள விட்டு சவுண்ட அடக்கி வைக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோட ரெண்டு வயரு மாறிப்போச்சுன்னா ஆன் பண்ணதும் ஆம்ப் ஊளையிடும், உடனே பயந்து டியூப மாத்த ஓடாதீங்க, அந்த ரெண்டு வயர மாத்தி சோல்டர் பண்ணாப் போதும். அந்த ரெசிஸ்டரயே கழட்டிட்டா சவுண்டு இன்னும் முரட்டுத்தனமா வருது, நான் ஒரு சுவிட்ச் போட்டு ரெண்டையும் வச்சுக்கிட்டேன்.

பெட்டி கிட்ல வராது. பழைய ஃபெண்டர் பெட்டி பைன் மரம், இங்க மரக்கடையில கித்தா (ரப்பர்) மரப் பலகை கிடைச்சுது, கனம் கூடத்தான், ஆனா நல்லா உறுதி. பின்பக்கம் திறந்தே இருக்கிறதால கம்பிவலை கட்டாயம் அடிங்க, பல்லி உள்ள பூந்துடும்.

சவுண்டு? வால்யூம் பாதி வரைக்கும் கண்ணாடி மாதிரி கிளீன், அதுக்கு மேல திருகினா 6வி6 கொஞ்சம் கொஞ்சமா கரகரக்க ஆரம்பிக்குது பாருங்க, கிட்டார் எஃபெக்ட் பெடல்ல எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது லா. 5 வாட்ஸ்தானேன்னு நெனைச்சேன், பக்கத்து வீட்டுப் பாட்டி ரெண்டாவது பாட்டுலயே சுவத்தத் தட்டிட்டாங்க. கோயில் திருவிழா மேடைக்குப் பத்தாது, ட்ரம்ஸ் பக்கத்துல வச்சா காணாமப் போயிடும், மைக் வச்சாத்தான் கேக்கும்.

ஸ்பீக்கர் தனியா எட்டு இன்ச்சுல வாங்கணும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல எத்தனை ஓம்னு (மின்தடை அளவு) பார்த்துட்டு அதே ஓம்ல வாங்கப் போங்க. ரெசிஸ்டர், கப்பாசிட்டர் மாதிரி சில்லறை சாமான் குறைஞ்சா கேஎல் ஜாலான் பசார்ல கிடைக்கும். பத்துக்கு ஏழு தரலாம், 240 வோல்ட் படம் ஒண்ணு ஒழுங்காப் போட்டிருந்தா ஒன்பதே குடுத்திருப்பேன்.