மஜோனே: வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற சின்ன ட்ராக்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். போன லீவில் அக்கா பையன் வந்து என் கம்ப்யூட்டரில் 'அசெட்டோ கோர்சா'வைப் போட்டு, மேசையில் ஒரு ஸ்டியரிங்கையும் மாட்டி, "உட்காருங்க மாமா" என்றான். ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஸ்டியரிங்கை விட்டுப் போகச் சொல்லிவிட்டேன்.

2014இல் வந்த கார் ரேஸ் விளையாட்டு இது. செய்தது இத்தாலியின் குனோஸ் நிறுவனம். மோன்சா, இமோலா மாதிரி பெரிய ட்ராக் எல்லாம் உண்டு. ஆனால் என் மனசு நின்றது மஜோனேயில். இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில், திராசிமேனோ ஏரிப் பக்கத்து ஊர். 1973இல் திறந்த ட்ராக். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், ஏறக்குறைய இங்கிருந்து சில்வர் பீச் போகிற தூரம். ஏற்ற இறக்கம் அதிகமில்லை. பெரிய ட்ராக்கில் ஒரு வளைவில் விட்டதை நீளமான நேர்பாதையில் பிடித்துவிடலாம். இங்கே அதற்கு இடமே கிடையாது, மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு.

அபார்த் 500 எடுத்து ஓட்டுங்கள். முன் சக்கரம் இழுக்கிற சின்ன வண்டி. வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் ஸ்டியரிங் முதலில் கனக்கும், அப்புறம் திடீரென்று லேசாகும். முன் டயர் பிடியை விடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இன்னும் ஒடித்தால் வண்டி வெளியேதான் போகும். ஆக்சிலேட்டரில் இருந்து காலைக் கொஞ்சம் எடுங்கள், மூக்கு தானாக உள்ளே திரும்பும். இதை வாயால் சொல்லி எத்தனை பேருக்குப் புரியவைத்திருப்பேன்! கையில் உணர்ந்தால் ஒரு நிமிஷ வேலை. இப்போது எட்டுப் போடப் பழகுகிற பிள்ளைகளையும் பத்துச் சுற்று ஓட்டவிடுகிறேன்.

ட்ராக்குக்குப் போர்ஸாக்கினி என்ற ரேஸ் டிரைவரின் பெயர். உம்ப்ரியாவின் தெர்னி ஊர்க்காரர். ரஷ்யப் புரட்சியாளர் பகூனினின் நினைவாக பெற்றோர் வைத்த பெயர் பகோனின். பாசிச ஆட்சியில் அது மரியோ உம்பெர்தோ ஆனது. 1932இல் மில்லே மில்யா என்ற ஆயிரம் மைல் ரோடு ரேஸில் ஜெயித்தவர். மறுவருஷம் செப்டம்பர் 10, மோன்சாவில் ஒரே நாளில் மூன்று ரேஸ் டிரைவர்கள் இறந்தார்கள். அவர் ஒருவர், கம்பாரி ஒருவர், சைகோவ்ஸ்கி ஒருவர். அதைப் படித்த ராத்திரி நான் ஓட்டவில்லை.

மழை இல்லாதது ஒரு குறை. ஐப்பசி கார்த்திகையில் கடலூர் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு ஈரத்தில் பிரேக் பிடிப்பதுதான் முதல் பாடம். அதற்குப் பழைய மாதிரி மைதானத்துக்கே கூட்டிப்போகிறேன்.

கீபோர்டில் ஓட்டுவதற்காக வாங்காதீர்கள், சொன்ன எதுவும் கைக்கு வராது. டயரின் கனத்தைக் கையில் உணர்த்துகிற 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' ஸ்டியரிங்காகப் பார்த்து, பழசானாலும் சரி, வாங்குங்கள். மேசை மெல்லிசாக இருந்தால் கிளாம்புக்கு அடியில் ஒரு பிளைவுட் துண்டு வையுங்கள்.