ஃபயர் ஸ்டிக்ல பழைய கேம் போட்டுத் தர்றேன்னு 4,700 ரூபா புடுங்கிட்டாங்க, பாத்து இருங்க

நேத்து ராத்திரி சரியா தூங்கவே இல்ல. கோவம் அடங்காமதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. 4,700 ரூபா போச்சு. இதே வேலைக்கு இன்னும் யாராவது காசு குடுக்கறதுக்குள்ள சொல்லிடணும்னு இருக்கு.

அண்ணன் துபாய்ல இருந்து 12 நாள் லீவுல வந்திருக்கான், மூணு வருஷம் கழிச்சு. சின்ன வயசுல எங்க வீட்ல டிவில மாட்டி ஆடுற லிட்டில் மாஸ்டர் வீடியோ கேம் பெட்டி இருந்துச்சு, பெரியப்பா வாங்கிக் குடுத்தது. லீவு விட்டா நாங்க ரெண்டு பேரும் காலைல உக்காந்தா அம்மா வந்து ஒயரைப் புடுங்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம். கேசட் ஓடலன்னா கழட்டி வாயால ஊதி மறுபடி சொருகுவோம். அவன் வரப்ப அதே கான்ட்ராவையும் டாங்க் கேமையும் டிவில போட்டு வைக்கணும்னு ஆசை. வீட்ல டிவில சொருகுற அமேசான் ஃபயர் ஸ்டிக் ஏற்கனவே இருக்கு, அதுல எமுலேட்டர்னு பழைய கேமை ஓட்டுற ஆப் போட்டா ஆடலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. எனக்கு அதெல்லாம் போடத் தெரியாது, சரி தெரிஞ்சவங்ககிட்ட குடுப்போம்னு எங்க ஏரியாவுல செல்போன் சர்வீஸ் பண்ற ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி ரொம்ப மரியாதையா பேசுனான். "அண்ணே பத்தாயிரம் கேம் போட்டுத் தர்றேன், பிஎஸ்2, அதான் ப்ளேஸ்டேஷன் 2 கேம் மட்டுமே 500 இருக்கு"ன்னான். 128 ஜிபி பென்டிரைவ் 1,500, ஒயர்லெஸ் கன்ட்ரோலர் ரெண்டு 1,800, செட்டிங் சார்ஜ் 1,400, மொத்தம் 4,700. எனக்கு அதிகமாத்தான் தெரிஞ்சுது, யோசிச்சுட்டே நின்னேன். அவன் ஒண்ணும் பேசல, கடை டிவில கான்ட்ராவைப் போட்டு கன்ட்ரோலரை என் கைல குடுத்தான். டைட்டில் வந்த உடனே என் கட்டைவிரல் தானா போகுது, மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ ஸ்டார்ட். அந்தக் காலத்து சீட் கோடு அது, 30 லைஃப் வந்துருச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் விரலுக்கு ஞாபகம் இருக்கே, கண்ணே கலங்கிருச்சு எனக்கு. "அண்ணே நீங்களும் நம்ம ஆளுதானா, நானும் எங்க மாமா வீட்ல இதே கோடு போட்டுத்தான் ஆடுவேன்"னான். அவ்ளோதான், அந்த இடத்துல நம்பிட்டேன். ஜிபேல 4,700 ஃபுல்லா அனுப்பிட்டேன், பில் கேட்டதுக்கு "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே, நமக்குள்ள எதுக்கு"ன்னான், அதுக்கும் சரின்னுட்டேன்.

கடைல குடுத்துட்டு வந்த ஸ்டிக் ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. ராத்திரி சாப்டுட்டு அண்ணனும் நானும் உக்காந்தோம். மரியோ ஓடுச்சு, கான்ட்ரா ஓடுச்சு. அடுத்து டாங்க் கேம் எடுத்தா கருப்பு ஸ்க்ரீன், கீழ மஞ்சள் எழுத்துல ஃபெயில்ட் டு லோட் கன்டென்ட். அடுத்த கேம், அதே. அதுக்கடுத்தது, அதே. அந்த டாங்க் கேம் பேட்டில் சிட்டியே பதினோரு பேர்ல பதினோரு தடவை லிஸ்ட்ல இருக்கு, ஒண்ணு கூட ஓடல. பிஎஸ்2ன்னு போட்டிருந்ததெல்லாம் வெறும் அட்டைப்படம். மறுநாள் பாத்தா முந்தின நாள் சேவ் பண்ணதும் காணோம். ஒரு கன்ட்ரோலர்ல ஏ பட்டன் அமுக்குனா உள்ளயே மாட்டிக்குது. அண்ணன் ஒண்ணும் சொல்லல, "விடுறா பரவால்ல"ன்னு எந்திரிச்சு போயிட்டான். அதுதான் எனக்கு தாங்கல.

கடைக்குப் போனா மொத நாள், "வைஃபை ஸ்லோவா இருக்கும்ணே." பென்டிரைவ்ல இருக்கற கேமுக்கு வைஃபையே தேவையில்லன்னு எனக்கு அப்ப தெரியல. ரெண்டாவது நாள், "உங்க டிவி பழசு." மூணாவது நாள், செட்டிங் பண்ண பையன் ஊருக்குப் போயிருக்கான், திங்கக்கிழமை வருவான். திங்கக்கிழமை போனா, "பென்டிரைவுக்கு கம்பெனிதான்ணே வாரண்டி, நாங்க என்ன பண்றது, இன்னும் ஆயிரம் குடுங்க வேற போட்டுத் தர்றேன்." 4,700 வாங்கிட்டு மேல ஆயிரம்! சத்தம் போட்டேன், பக்கத்துல நின்ன கஸ்டமர் முன்னாடி என்னையே வெவரம் இல்லாதவன் மாதிரி பேசுனான். அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து வாட்சப்ல ப்ளாக்.

அப்புறம்தான் ஐடில வேலை பாக்குற மச்சான் வந்து பென்டிரைவை லேப்டாப்ல போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் ஓட்டுனான். அது பூரா இடத்துலயும் எழுதி எழுதி திரும்பப் படிச்சுப் பாக்கும், மணிக்கணக்கா ஆகுது. 128 ஜிபின்னு காட்டுற பென்டிரைவ்ல உண்மையில இருந்தது 7 ஜிபி சொச்சம். உள்ள இருக்கற சிப்பை 128ன்னு பொய் சொல்ல வச்சிருக்காங்க, அளவு தாண்டிப் போடறது எல்லாம் காத்துல போகுது, ஃபைல் பேர் மட்டும் லிஸ்ட்ல தெரியும். பிஎஸ்2 கேம் ஒண்ணு 2 ஜிபின்னு வச்சாக்கூட 500க்கு 1000 ஜிபி வேணும், 128ல எப்படி அடங்கும்? அதுவும் என் ஸ்டிக்ல இருக்கறது 1 ஜிபி ரேம், பிஎஸ்2 அதுல ஓடவே ஓடாது. இந்தக் கணக்கை நான் கடைலயே போட்டிருக்கணும்.

இதுல வயிறு எரியுற விஷயம் என்னன்னா அவன் போட்ட எமுலேட்டர் ரெட்ரோஆர்ச், அது யாரு வேணா இலவசமா இறக்கிக்கலாம். மரியோ கேம் மொத்தமே 40 கேபி. கான்ட்ரா 128 கேபி. நானும் அண்ணனும் ஆடுன அத்தனை கேமும் ஸ்டிக்ல காலியா இருக்கற இடத்துலயே அடங்கிரும், பென்டிரைவே வேண்டாம். இதுக்கு 4,700.

செட்டிங்ஸ்ல ஏடிபி டிபக்கிங்னு, வெளில இருந்து ஸ்டிக்கை இயக்க வழி விடறதையும் ஆன்ல விட்டுட்டான் பாவி. 2018ல அது வழியாதான் ஃபயர் டிவிங்கள்ல கிரிப்டோ காசு மைனிங் பண்ற வைரஸ் பூந்துச்சாம். மச்சான் ஆஃப் பண்ணி, முழுசா ரீசெட் அடிச்சு, பாஸ்வேர்டும் மாத்துனான்.

நெறைய டிப்ஸ் எழுதணும்னு ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. பத்தாயிரம் கேம்னு சொன்னாலே கெளம்பிருங்க. பில் இல்லாம காசு குடுக்காதீங்க, இந்த கேமுக்கெல்லாம் காப்பிரைட் இன்னும் கம்பெனிங்ககிட்டதான் இருக்கு, அதனாலகூட பில் போடாம இருக்கலாம். பென்டிரைவை டெஸ்ட் பண்ணிட்டு காசு குடுங்க. அக்கவுண்ட் லாகின்ல இருக்கற ஸ்டிக்கை அப்படியே கடைல குடுக்காதீங்க. ரீஃபண்ட் தர்றேன்னு க்யூஆர் அனுப்புனா பின் போட்றாதீங்க, காசு வர்றதுக்கு பின் தேவையில்ல. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915, நான் ஜிபே ஸ்க்ரீன்ஷாட் வச்சு கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், நம்பர் வந்திருக்கு.

அண்ணனுக்கு ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். மச்சான் நாளைக்கு சாயங்காலம் வந்து ஸ்டிக்லயே போட்டுத் தர்றேன்னிருக்கான். கன்ட்ரோலர் ஒண்ணுதான் உருப்படியா இருக்கு, இன்னொண்ணு எங்கயாவது இரவல் கேக்கணும்.