எடையா, கடிகாரமா, காலைப் பயிற்சியா, ரேட்டா: ரேஸில் எதை வைத்துக் குதிரையைக் கணிப்பது?

ரேஸ் புத்தகத்தோடு நிற்கும் பத்துப் பேரிடம் ஜெயிக்கப்போகும் குதிரை எது என்று கேளுங்கள், ஏழெட்டுப் பெயராவது வரும். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் நான்குக்குள் அடங்கிவிடும். குதிரை சுமக்கும் எடை, முன்பு ஓடிய நேரம், காலையில் ட்ராக்கில் செய்த பயிற்சி, பந்தயப் பணம் வாங்கும் புக்கி கொடுக்கும் ரேட், அதாவது ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு என்பது. லாயத்துப் பையன் காதில் சொன்னது என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பவர்களுக்கு ஒரு சேதி. குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டமென்று தடுக்கத் தமிழ்நாடு அரசு 1974-ல் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. குதிரையின் இயல்பான திறன், உடல் தகுதி, ஜாக்கியின் கைவண்ணம், சுமக்கும் எடை, ஓடும் தூரம் எல்லாமே முன்கூட்டி மதிப்பிடக்கூடியவை, ஆகவே இது திறமை சார்ந்த விளையாட்டு என்றது. மதிப்பிடலாம், சரி. எதை வைத்து மதிப்பிட்டால் அதிகம் பலிக்கும் என்பதில்தான் சண்டை.

எடைக் கட்சியிலிருந்து தொடங்குகிறேன். என் ஓட்டு பெரும்பாலும் அங்கேதான்.

இந்தியாவில் நடப்பவற்றில் பெரும்பாலானவை ஹேண்டிகாப் ரேஸ்கள், அதாவது திறமை கூடிய குதிரைக்குக் கூடுதல் எடை சுமத்திச் சமப்படுத்துபவை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் எண் உண்டு, ஒரு புள்ளிக்கு அரை கிலோ. எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடியவேண்டும் என்பது எடை போடும் அதிகாரியின் கனவு. அது எங்கே பலிக்காது என்று தேடுவதுதான் இந்தக் கட்சியின் வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 மீட்டரில் முதல் குதிரை 54 கிலோ சுமந்து, 58 கிலோ சுமந்த இரண்டாவது குதிரையை இரண்டு லெங்த்தில் ஜெயித்தது (லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்). சில வாரம் கழித்து இரண்டும் மறுபடி மோதுகின்றன. ஜெயித்ததற்காக முன்னதற்கு எட்டுப் புள்ளி ஏறி இப்போது 58 கிலோ. பின்னதற்கு அதே 58. இந்தத் தூரத்தில் ஒரு லெங்த்துக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ என்பது பழைய கணக்கு. தூரம் குறைந்தால் கிலோ கூடும், 2,400 மீட்டருக்குப் போனால் முக்கால் கிலோவை ஒட்டி இறங்கும். ஆக, இரண்டு லெங்த்தை ஈடுகட்ட இரண்டரை கிலோ போதும். கிடைத்திருப்பதோ நான்கு கிலோ. காகிதத்தில் தோற்ற குதிரை இப்போது ஒரு லெங்த்துக்கு மேல் முன்னால் நிற்கிறது.

இதே கணக்கில் ஒரு குழியும் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் தவறாமல் விழுவார்கள். 42 ரேட்டிங் குதிரை ஒன்று 20–45 பிரிவில், அதாவது 20 முதல் 45 வரை ரேட்டிங் உள்ளவற்றுக்கான ரேஸில் ஓடுகிறது. அங்கே 45 ரேட்டிங்குக்கு 60 கிலோ என்றால் இதற்கு 58.5. ஜெயித்து 50-க்கு ஏறுகிறது. அடுத்து 40–65 பிரிவில் இறங்கும்போது 65 ரேட்டிங்குக்கு 60 கிலோ, இதற்கு 52.5. “ஆறு கிலோ குறைஞ்சிருக்கு, இன்னிக்கு விடாது” என்று பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். குறைந்தது சலுகையால் அல்ல. எதிரில் நிற்பவை ஒரு படி மேலான குதிரைகள், அவ்வளவுதான். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: போன முறை எப்படி ஜெயித்தது? ஜாக்கி கையை அசைக்காமல் தானாக வந்ததா, கடைசி 200 மீட்டரும் சாட்டையில் வந்ததா? முதல் வகை என்றால் எட்டுப் புள்ளி ஏற்றம் குறைச்சல். இரண்டாம் வகை என்றால் அதன் எல்லையை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

எடைக் கணக்குக்கு அடிப்படை போன ஓட்டம். அந்த ஓட்டமே பொய்யென்றால் கணக்கும் பொய். புத்தகத்தில் பின்தங்கிய ஓட்டத்துக்கு ஒரு பூஜ்யம் போட்டு முடித்துவிடுவார்கள். கேட்டில் தாமதமாகக் கிளம்பியதா, உள்பக்கம் அடைபட்டதா, சேணம் நழுவியதா என்று பூஜ்யம் சொல்லாது. அதற்கு ரேஸைக் கண்காணிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்டுகளின் அறிக்கையும் ரேஸ் வீடியோவும் வேண்டும். வீடியோவை ஜெயித்த குதிரைக்காக ஒருமுறை பார்த்துவிட்டு மூடுபவர்கள்தான் அதிகம். நான்காவது, ஐந்தாவதாக வந்தவற்றுக்காக மறுபடி ஓடவிட்டால் கிடைப்பது நிறைய. வேகமாக வளரும் மூன்று வயதுக் குதிரை, நீண்ட ஓய்வுக்குப் பின் வரும் குதிரை, வேறு ஊரிலிருந்து வந்த குதிரை ஆகியவற்றிடம் எடைக் கணக்கு தடுமாறும். டெர்பி மாதிரி கிளாசிக் ரேஸ்களிலோ அதற்கு வேலையே குறைவு. அங்கே எல்லா ஆண் குதிரைகளுக்கும் ஒரே எடை, பெண் குதிரைகளுக்குச் சிறு சலுகை. கேள்வி முழுக்க 2,400 மீட்டர் தாங்குமா என்பதுதான்.

கடிகாரக் கட்சியின் வாதம் கேட்க எளிது. யார் யாரை ஜெயித்தது என்பது எதற்கு, எவ்வளவு நேரத்தில் ஓடியது என்று பார்த்தால் போதாதா? ஒரு நொடிக்கு ஐந்து முதல் ஆறு லெங்த். துல்லியமாகத் தெரிகிறது, ஆனால் அந்தத் துல்லியம் நம் மைதானங்களில் நிலைப்பதில்லை. உள்வேலியோரத் தரையைக் காப்பாற்ற ஃபால்ஸ் ரயில் என்னும் தற்காலிக வேலியை வெளியே தள்ளிப் போட்டால் வளைவில் ஓடும் தூரமே கூடிவிடும். புனேயின் மழைக்கால சீசனில் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் தரை வேறு. கடல்மட்டத்தை ஒட்டிய கிண்டியில் ஓடிய நேரத்தை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டி நேரத்தோடு எப்படி ஒப்பிடுவது? இதெல்லாம் போக, புல்தரையில் முதல் பாதியை மெதுவாக ஓட்டிக் கடைசியில் பாய்வது ஜாக்கிகளின் வழக்கம். அப்படி ஓடிய ரேஸில் உலகத்தரக் குதிரைக்கும் சாதாரண நேரம்தான் வரும்.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் இதற்கு ஒரு வழி கண்டார். அன்றைக்கு அந்தத் தரையில் நடந்த எல்லா ரேஸ்களின் நேரத்தையும் வழக்கமான நேரத்தோடு ஒப்பிட்டு, தரை எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாக இருந்தது என்று கணக்கிட்டுக் கழித்துவிடுவது. அவர் பெயரிலான எண்கள் 1992 முதல் அங்கே ‘டெய்லி ரேசிங் ஃபார்ம்’ நாளிதழில் அச்சாகின்றன. மண் தரை, தொடக்கம் முதலே முழு வேகம், ஒரே நாளில் ஒன்பது பத்து ரேஸ் என்ற சூழலில் அது நன்றாகப் பலித்தது. இங்கிலாந்தின் கதை நேர்மாறு. கணக்கு ஆசிரியராக இருந்து நேரக் கணக்கை வைத்தே இந்தத் தொழிலுக்கு வந்தவர் ஃபில் புல். அவர் 1948-ல் தொடங்கிய ‘டைம்ஃபார்ம்’ நிறுவனம் பெயரில் நேரத்தை வைத்திருந்தாலும், அதன் புகழ்பெற்ற ரேட்டிங்குகள் முதன்மையாக யார் யாரை எத்தனை எடையோடு ஜெயித்தார்கள் என்பதன் மேல் நிற்பவை. சீ பேர்ட் என்ற குதிரையின் 145, ஃபிராங்கெல் என்ற குதிரையின் 147 எல்லாம் பவுண்டு எடைக் கணக்கு. கடிகாரக்காரரே எடைப் பக்கம் சாய்ந்ததற்குப் பிரிட்டிஷ் புல்தரை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் தரைகளும் அந்த வகைதான்.

நம் ஊர் ரேஸ் ரசிகருக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. காலைப் பயிற்சிக் குறிப்பை நாளிதழில் படிக்காமல் அவருக்குக் காப்பி இறங்காது. ‘அவுட்டர் சாண்ட், 1,000 மீட்டர் 1-12, 600/41, நன்றாக ஓடியது’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஆயிரம் மீட்டரை ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியில், அதில் கடைசி அறுநூறை 41 நொடியில் என்று அர்த்தம். பெயருக்குப் பக்கத்தில் ‘ஆர்.பி.’ என்று இருந்தால் மேலே உட்கார்ந்தது ஜாக்கி அல்ல, பயிற்சியில் மட்டும் குதிரை ஓட்டும் ரைடிங் பாய். அவர் எடை என்ன என்று குறிப்பில் இருக்காது. எடைக் கட்சி அரை கிலோவுக்கு மல்லுக்கட்டும்போது இங்கே பத்துக் கிலோ காணாமல் போகலாம். ஓடியது மணலில், ரேஸ் புல்லில். நேரம் எடுத்தவர் கையில் ஸ்டாப்வாட்ச். டிரெய்னர் சொன்னது முழு வேகமா, சும்மா நீட்டி ஓட்டு என்பதா என்பது அவருக்கும் ஜாக்கிக்கும்தான் தெரியும். கூடவே வரும் விமர்சனங்களைப் பாருங்கள்: ‘சுலபமாக’, ‘ஃபார்ம் தக்கவைத்திருக்கிறது’, ‘நல்ல கண்டிஷன்’. திட்டு வாங்கிய குதிரையை நான் பார்த்தது அபூர்வம்.

அதற்காகத் தூக்கி எறிந்துவிட முடியாது. இதுவரை ஓடியே இராத குதிரைக்கு வேறு தகவலே கிடையாது. ஓய்வுக்குப் பின் திரும்பும் குதிரை தயாரா என்பதையும் இதுதான் சொல்லும். இரண்டு குதிரைகள் ஜோடியாக ஓடிய குறிப்பு கிடைத்தால் நொடிகளை மறந்துவிட்டுக் கூட ஓடியது யார் என்று பாருங்கள். 65 ரேட்டிங் குதிரையோடு புதுக்குதிரை சமமாக முடித்தது என்றால் அது பேசும் செய்தி. ஏற்கெனவே ஆறேழு முறை ஓடிக் காட்டிய குதிரைக்கு மட்டும் காலைக் குறிப்பைப் பார்த்து மனதை மாற்றாதீர்கள்.

மிச்சம் இருப்பது ரேட். 4-க்கு 1 என்றால் சந்தை அதற்கு இருபது சதவீத வாய்ப்புத் தருகிறது என்று பொருள். எல்லாக் குதிரைகளின் சதவீதத்தையும் கூட்டினால் நூறைத் தாண்டும், தாண்டுவது புக்கியின் பங்கு. பல நாடுகளில், பல பத்தாண்டுகளாக ஃபேவரிட் குதிரைகள், அதாவது ரேஸில் மிகக் குறைந்த ரேட் உள்ளவை, ஏறக்குறைய மூன்றில் ஒரு ரேஸை ஜெயிக்கின்றன. படிக்காமல், பார்க்காமல் கிடைக்கும் கணிப்பில் இதைவிட நல்லது இல்லை. எடைக்காரர், கடிகாரக்காரர், காலையில் வேலியோரம் நிற்பவர், லாயத்துக்காரர் எல்லாருடைய பணமும் சேர்ந்துதான் அந்த ரேட் உருவாகிறது. அதன் கோணலும் 1949 முதல் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது: பெரிய ரேட் குதிரைகள்மேல் கூட்டம் அளவுக்கு மீறி ஆசைப்படுகிறது, ஃபேவரிட்டைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிடுகிறது.

இந்தக் கட்சிச் சண்டைக்குக் கிடைத்த நல்ல பதில் ஹாங்காங்கிலிருந்து வந்தது. 1980-களில் அங்கே கணினியோடு போய் உட்கார்ந்த அமெரிக்கர் பில் பென்டர் தன் முறையை 1994-ல் கட்டுரையாக வெளியிட்டார். குதிரையின் பழைய ஓட்டங்கள், எடை, தூரம் என்று பலவற்றைப் போட்டு அவர் வாய்ப்பைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கு தனியாக நின்றபோது போதவில்லை. மக்கள் பணம் சொல்லும் வாய்ப்பையும் அதோடு கலந்தபோதுதான் தேறியது. ஆனால் ஹாங்காங்கில் ரேஸ் ஓடுவது இரண்டே மைதானங்களில், பெரும்பாலும் அதே குதிரைக் கூட்டம்தான் திரும்பத் திரும்ப மோதும், தகவல்களும் விரிவாக வெளியாகும். பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், புனே என்று குதிரைகள் லாரி ஏறும் நம் நாட்டுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

ஜெயிக்கும் குதிரையைச் சொல்வதும் அதில் பணம் பார்ப்பதும் வேறு வேறு. 2023 அக்டோபரிலிருந்து பந்தயத் தொகை முழுவதன்மீதும் 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40. மேலே சொன்ன நான்கில் எதுவும் அந்த வரியைத் தாண்டும் அளவுக்குக் கூர்மையானது அல்ல. பந்தயம் கட்டாமல் கணித்துப் பார்க்கும் ரசிகனுக்குத்தான் இந்த அலசல் பயன்படும்.

சரி, 20–45 பிரிவில் 1,400 மீட்டர் ரேஸ் ஒன்று கையில் இருந்தால்? எடையையும் போன மூன்று ஓட்டத்தின் வீடியோவையும் வைத்து நான்கு குதிரைகளுக்குள் கொண்டுவருவேன். நேரத்தை, ஒரே நாளில் அதே தூரத்தில் இரண்டு ரேஸ் நடந்திருந்தால் மட்டும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பேன். நான்கில் ஓய்விலிருந்து திரும்பும் குதிரை இருந்தால் காலைக் குறிப்பைப் புரட்டுவேன். ரேட்டை வேண்டுமென்றே கடைசியில்தான் பார்ப்பேன், முதலில் பார்த்தால் மற்ற மூன்றும் அதற்கு ஜால்ரா போட ஆரம்பித்துவிடும். என் முதல் குதிரைக்கு 15-க்கு 1 என்று போட்டிருந்தால், நான் கவனிக்காத ஏதோ ஒன்றை ஊரே கவனித்திருக்கிறது என்று மறுபடி வீடியோவுக்குப் போவேன். இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கான மெய்டன் ரேஸாக இருந்து, அதில் ஒருமுறைகூட ஓடாதவை பாதிக்குமேல் என்றால் எடைக் கணக்குக்குப் பிடிமானமே கிடையாது. அங்கே ரேட் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த ரேஸுக்குப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.