எட்டு பேர், ஆறு சீசன், ஒரு ஃபேன்டஸி லீக்

2024-25 சீசனில் எங்கள் எட்டு பேர் லீக்கில் நான் ஆறாவது. முதலிடம் பிடித்தவன் கோவையில் ஸ்பின்னிங் மில் நடத்துகிறான். அந்த ஆண்டு முழுக்க அவன் ஒரு ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. நானோ விடிய விடியக் கண் விழித்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஃபேன்டஸி பிரீமியர் லீக்கை ஆறு சீசன் ஆடிவிட்டு எழுதுகிறேன். நடுவில் வயிற்றெரிச்சல் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை வைத்து நாமே ஓர் அணி கட்டும் ஆன்லைன் ஆட்டம் இது, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கு நமக்குப் பாயிண்ட். கையில் 100 மில்லியன் பவுண்டு, கற்பனைப் பணம்தான். அதற்குள் 15 பேரை வாங்க வேண்டும். 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்ட். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. வாரா வாரம் 11 பேரை இறக்கலாம், கேப்டனின் பாயிண்ட் இரட்டிப்பாகும். மிட்ஃபீல்டர் கோல் போட்டால் 5, ஃபார்வர்ட் போட்டால் 4, கோலுக்குப் பந்து கொடுத்தவருக்கு (அசிஸ்ட்) 3. வாரத்துக்கு ஒரு ட்ரான்ஸ்பர், அதாவது ஓர் ஆளை மாற்றுவது, இலவசம், அதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 4 பாயிண்ட் கழியும். இதை ‘ஹிட்’ என்போம். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், என் கதையே இதில்தான் அடங்கியிருக்கிறது.

நாங்கள் எட்டு பேரும் ஒரே ஹாஸ்டல். இப்போது மூவர் சென்னையில், மற்றவர்கள் கோவை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று ஆளுக்கொரு மூலை. லீக் தொடங்கியது 2019இல். தனி லீக் ஒன்றை உருவாக்கினால் ஒரு குறியீடு வரும், அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் ஆள் சேர்ந்துவிடும். இது இலவசம். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தபோது, பெங்களூருக்காரன் “நம்ம லீக்கும் போச்சாடா?” என்று பதறினான். இங்கே பைசா கட்டுவதே இல்லை என்று அவனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

என் முதல் சீசனின் நாயகன் நாரிச் அணியின் டீமு புக்கி. விலை 6.5 மில்லியன்தான். இரண்டாவது வாரம் நியூகாசிலுக்கு எதிராக ஹாட்ரிக் போட்டார். மறுநாளே ஹிட் எடுத்து வாங்கினேன். முதல் ஐந்து ஆட்டங்களில் 6 கோல் போட்டவர், சீசன் முழுக்கச் சேர்த்து 11 கோலோடு நின்றுவிட்டார். நாரிச்சும் கீழ் டிவிஷனுக்குப் போய்விட்டது. போன வாரம் கோல் போட்டவனை இந்த வாரம் வாங்கும் வியாதி எனக்கு அப்போது பிடித்தது. இன்னும் முழுசாக விட்டபாடில்லை.

நண்பர்களோடு ஆடுவதில் உண்மையான தலைவலி வேறு: பாதியில் காணாமல் போகிறவர்கள். ஆகஸ்டில் எல்லோருக்கும் உற்சாகம் பொங்கும். அக்டோபரில் இரண்டு பேர் அணியைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். காயம்பட்டவர், சஸ்பென்ஷனில் இருப்பவர், கிளப்பை விட்டே போனவர் என்று அவர்கள் அணி மருத்துவமனை வார்டு மாதிரி கிடக்கும். மூன்றாவது சீசனில் இதற்கு ஒரு வழி கண்டோம். சீசன் பரிசோடு, மாதாமாதம் அந்த மாதத்தில் அதிக பாயிண்ட் எடுத்தவருக்கு மற்ற ஏழு பேரும் சேர்ந்து ஒரு சாப்பாடு ஆர்டர் போட்டு அனுப்ப வேண்டும். கடைசியில் இருப்பவனுக்கும் பிப்ரவரியில் ஒரு பிரியாணி வாய்ப்பு இருக்கிறதென்றால் அணியைத் திறந்து பார்க்கிறான். நேருக்கு நேர் மோதும் வடிவத்தையும் ஒரு சீசன் ஆடிப் பார்த்தோம். 80 எடுத்தவன் 81 எடுத்தவனிடம் தோற்று நிற்க, 35 எடுத்தவன் ஜெயித்த கதையெல்லாம் நடந்தது. சண்டை முற்றிப் பழைய முறைக்கே திரும்பினோம்.

டெட்லைனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு அணியை மாற்றும் கதவு மூடிவிடும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12:30 ஆட்டம் என்றால் நமக்கு அந்த டெட்லைன் கோடையில் மதியம் 3:30, குளிர்காலத்தில் 4:30. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும்போது நமக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மார்ச் கடைசியில் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். 2025 ஏப்ரல் 5 அன்று நான் மாட்டியது இதில்தான். அதற்கு முந்தைய ஞாயிறன்று மான்செஸ்டர் சிட்டியின் ஹாலாண்டுக்குக் கணுக்காலில் அடி. அவரை விற்றே ஆக வேண்டும். ஐந்து மாதப் பழக்கத்தில் 4:30 என்று நினைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தேன். எழுந்தபோது மணி 3:50. ஆப்பில் நம் ஊர் நேரம்தான் காட்டும், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குற்றம் என்னுடையதுதான். ஹாலாண்டுக்குப் பதில் பெஞ்சிலிருந்து வந்தவர் கொடுத்தது 1 பாயிண்ட்.

சரி, அந்த சீசனின் கதைக்கு வருகிறேன். தொடக்கத்தில் ஹாலாண்ட் விலை 15, லிவர்பூலின் சலா 12.5. இருவரையும் வாங்கினால் மற்ற இடங்களுக்குப் பணம் இல்லை என்று கணக்குப் போட்டு ஹாலாண்டை மட்டும் எடுத்தேன். இப்ஸ்விச்சுக்கு எதிராக ஹாட்ரிக், அடுத்த வாரம் வெஸ்ட் ஹாமிடம் இன்னொரு ஹாட்ரிக். ஐந்து ஆட்டங்களில் 10 கோல். லீக்கில் நான்தான் முதலிடம், வாட்ஸ்அப்பில் வாயும் நீண்டிருந்தது. அந்த ஐந்தாவது ஆட்டம் ஆர்சனலுக்கு எதிராக. நான் ஆர்சனல் ரசிகன். ஹாலாண்ட் கோல் போட்டதும் சோபாவிலிருந்து குதித்தேன். கடைசி நிமிடங்களில் சிட்டியின் ஸ்டோன்ஸ் கோல் போட்டு 2-2 ஆக்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டேன். “நீங்க எந்தக் கட்சி?” என்று மனைவி கேட்டாள். இந்த ஆட்டத்தை ஆடும் எவரிடமும் அதற்குப் பதில் இருக்காது.

இரண்டு வாரம் கழித்து ஃபுல்ஹாம், அதுவும் சிட்டியின் சொந்த மைதானத்தில். சிப் என்றால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறப்புச் சலுகை. அப்போது சீசனுக்கு ஒரே ஒருமுறை கிடைத்த, கேப்டனின் பாயிண்டை மூன்று மடங்காக்கும் ட்ரிபிள் கேப்டன் சிப்பை ஹாலாண்ட் மீது போட்டேன். சிட்டி 3-2 என்று ஜெயித்தது. கோவாசிச் இரண்டு, டோக்கு ஒன்று. ஹாலாண்ட் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கிடையே கோவைக்காரன் ஆகஸ்டில் சலாவைக் கேப்டனாக்கியவன், அதன் பிறகு கேப்டனில் கை வைக்கவே இல்லை. அந்த சீசனில்தான் பயன்படுத்தாத ட்ரான்ஸ்பர்களை ஐந்து வரை சேமிக்கலாம் என்று விதியை மாற்றியிருந்தார்கள், முன்பு இரண்டுதான். அவனுடைய சோம்பலுக்கு அரசாங்கமே மானியம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை திறப்பான், நாலைந்து பேரை ஒரே மூச்சில் மாற்றுவான், மூடுவான். டிசம்பர் 7 அன்று டராக் புயலால் எவர்ட்டன்-லிவர்பூல் ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். செய்தி அவனுக்குத் தெரியாது, கேப்டன் சலாதான். ‘மாட்டினான்’ என்று துபாய்க்காரன் கொண்டாடினான். கேப்டன் ஆடாவிட்டால் அந்த இரட்டிப்பு துணைக் கேப்டனுக்குப் போகும். அவனுடைய துணைக் கேப்டன் செல்சீயின் பால்மர், மறுநாள் டாட்டன்ஹாமுக்கு எதிராக இரண்டு பெனால்டி கோல் போட்டார்.

அந்தப் புயல் ஆட்டம் பிப்ரவரிக்குப் போனதால் 24வது வாரத்தில் லிவர்பூலுக்கு இரண்டு ஆட்டங்கள். சலா போர்ன்மவுத்திடம் இரண்டு கோல், எவர்ட்டனிடம் ஒரு கோல், ஒரு அசிஸ்ட். மொத்தம் 29 பாயிண்ட். ட்ரிபிள் கேப்டன் சிப்பைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு 87. அவன் வைத்திருந்தான். அப்படி ஒரு சிப் இருப்பதே அந்த வாரம்தான் அவனுக்குத் தெரிந்ததாம், சொன்னவன் நான்தான். டிசம்பர் கடைசியில் நானும் சலாவை 13க்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தேன், ஆனால் மூன்றால் பெருக்கச் சிப் இல்லை. சீசன் முடியும்போது சலாவின் கணக்கு 29 கோல், 18 அசிஸ்ட், 344 ஃபேன்டஸி பாயிண்ட். ஒரு சீசனில் அதுவரை எவரும் எடுக்காதது.

மே மாதம் என் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். 18 ஹிட், 72 பாயிண்ட். எனக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடைவெளி 61.

குறை சொல்ல வேண்டுமென்றால் விலை ஏறி இறங்கும் முறையைச் சொல்வேன். நிறைய பேர் வாங்கினால் விலை 0.1 ஏறும். விற்கும்போது லாபத்தில் பாதிதான் கையில் வரும். இந்த 0.1க்கு ஆசைப்பட்டுச் செவ்வாய்க்கிழமையே ஆளை வாங்கி, வெள்ளிக்கிழமை அவருக்குத் தொடையில் பிடிப்பு என்று பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டு நொந்த கதை எனக்கு ஏழெட்டு உண்டு. மேலாளரையும் அணியில் சேர்க்கும் அசிஸ்டென்ட் மேனேஜர் சிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை, நல்லவேளை ஒரே சீசனில் எடுத்துவிட்டார்கள். 2025-26இல் சிப்களை இரண்டு செட்டாகக் கொடுத்ததும், பந்தைத் தடுத்துப் பறிக்கும் டிஃபெண்டர்களுக்குத் தனியே 2 பாயிண்ட் வைத்ததும் நல்ல மாற்றம். கோலே பார்க்காத நடு டிஃபெண்டர்களையும் அதற்குப் பிறகுதான் கவனித்துப் பார்க்கிறேன்.

உலகம் முழுக்க ஒரு கோடிப் பேருக்கு மேல் ஆடுகிறார்கள். அந்தத் தரவரிசையை நாங்கள் யாரும் பார்ப்பதே கிடையாது. எட்டு பேரில் எத்தனையாவது என்பது மட்டும்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

2025 ஆகஸ்டில் சலாவின் விலை 14.5, ஹாலாண்ட் 14. இம்முறை பாடம் கற்றவனாக, கோவைக்காரன் பாணியில் சலாவை வாங்கிக் கேப்டனாக்கி, இனி தொடுவதில்லை என்று உட்கார்ந்தேன். நவம்பர் முடியும்போது அவர் லீக்கில் போட்டிருந்தது 4 கோல். ஹாலாண்ட் வாரா வாரம் போட்டுக்கொண்டிருந்தார். கோவைக்காரன் அணியைத் திறந்து பார்த்தேன். முதல் வாரத்திலிருந்தே ஹாலாண்ட், கேப்டன். எப்படித் தெரியும் என்று போன் போட்டுக் கேட்டேன்.

“அரை மில்லியன் கம்மியா இருந்துச்சு மச்சான்” என்றான்.